ஏழாம் எண் கிழங்கைக் காணவில்லை

உலக வரலாற்றில் கிழங்குகளுக்கென்று முதன்முதலாகப் பதிவேடு திறந்த பெருமை இங்கிலாந்தின் யார்க்ஷயரில் உள்ள ஸ்கெல்பி நகரத்தையே சாரும். திறந்தவர் நெவில் கிரிம்ஷா. அவ்வூர் நகராட்சியின் சாலைப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் 'தலைமைப் பரிசோதகர்' பதவியை அலங்கரித்து ஓய்வு பெற்றவர். ஒரு சாலை போட்டால், ஒழுங்காகப் போட்டிருக்கிறார்களா என்று தோண்டிப் பார்ப்பது அவர் கடமை. தோண்டியதை மூடியதும், ஒழுங்காக மூடினார்களா என்று மறுபடி தோண்டிப் பார்ப்பது அவர் கடமையின் மீதிப் பாதி.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு சோதனை வந்தது. நகரத்து டேலியாப் பூச்செடிச் சங்கத்திடம், ரயில் பாதையோரம் உறுப்பினர்களுக்கென்று துண்டு துண்டாகத் தோட்ட நிலம் உண்டு. எட்டு வருடம் காத்திருந்த பிறகு நெவிலின் முறை வந்தது. ஆனால் சங்க விதி கறாரானது. புது உறுப்பினர் தன் வீட்டுக்குள் முளைக்க வைத்த ஒரு டேலியாவை மே மாதம் முதல் சனிக்கிழமை சங்க மன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். தவறினால் நிலம் வரிசையில் அடுத்து நிற்கும் பல் மருத்துவருக்குப் போய்விடும். அந்த நிலத்தில் தன் நாற்காலியை எந்த மூலையில் போடுவது என்று நெவில் எட்டு வருடம் முன்பே முடிவு செய்திருந்தார். இதை மனைவி மாவிஸிடம்கூடச் சொன்னதில்லை. அதுவரை அவர் வளர்த்தது மீசை ஒன்றுதான்.

மார்ச் மாதத்தில் ஏழு டேலியாக் கிழங்குகள் 'பணியில் சேர்ந்தன'. ஏழு தொட்டிகள், ஏழு எண்கள், சமையலறை ஜன்னலோரம். மண்ணை லேசாக ஈரமாக்கி, தண்டிருந்த பக்கம் மேலே பார்க்க வைத்துவிட்டுச் சும்மா இருக்கவும் என்று கிழங்கு வந்த பையின் மேல் அச்சிட்டிருந்தது. முதல் இரண்டையும் நெவில் எழுத்துப் பிசகாமல் செய்தார். மூன்றாவதைப் படித்ததும் அவர் முகம் சுருங்கியது. பொறுப்புள்ள எந்த அலுவலகமாவது இப்படி ஒரு உத்தரவைப் போடுமா?

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, டை கட்டிக்கொண்டு, தேக்கரண்டியால் ஏழையும் தோண்டி எடுத்தார். பதிவேட்டில் எழுதினார்: 'வேர்: இல்லை. முன்னேற்றம்: இல்லை. ஒத்துழைப்பு: போதாது.' திரும்பப் புதைத்து, ஊக்கத்தொகையாக ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வார்த்தார்.

தேநீர் ஊற்றிக்கொண்டே மாவிஸ் கேட்டாள். "நேத்து வச்ச கிழங்கை இன்னைக்கு எதுக்குத் தோண்டுற?"

"முளைச்சிருக்கான்னு பார்க்க."

"நாளைக்கு?"

"நாளைக்கும் பார்க்கணும்ல."

மறுநாள் காலை ஏழாம் எண் தொட்டியைக் காணவில்லை.

நெவில் நிலைகுலைந்து போனார். அடுப்புக்குப் பின்னால் தேடினார், குப்பைத் தொட்டியைக் கிளறினார், மாவிஸிடம் விசாரணை நடத்தினார். வேலை பிடிக்காமல் ராஜினாமா பண்ணியிருக்கும் என்றாள் அவள். அவருடைய சேவைக் காலம் முழுவதிலும் தொலைந்தது ஒரே ஒரு கோப்புதான். டான்சி சந்தின் கோப்பு. சாலை போட்ட வருடமே அது ஏதோ அலமாரிக்குப் பின்னால் விழுந்துவிட்டது. ஓய்வு பெறும்வரை அந்தச் சந்துக்குள் ஒரு பரிசோதனைகூட நடக்கவில்லை. அந்தக் களங்கத்தை நினைத்தால் அவருக்கு இன்றும் சாப்பாடு இறங்காது.

எஞ்சிய ஆறின் மீது கண்காணிப்பு இரட்டிப்பாயிற்று. காலையில் ஒரு தோண்டல், மாலையில் ஒரு தோண்டல், ஒவ்வொன்றுக்கும் ஒரு டம்ளர். இரண்டாம் எண்ணுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை போனது. நாலாம் எண் மட்டும் ஏப்ரலில் அரிசி அளவுக்கு ஒரு முளை விட்டது. நெவில் ஆனந்தக் கண்ணீரோடு அதை இடுக்கியால் பிடித்து அளந்தார். மூன்று மில்லிமீட்டர். அளவு சரியாக இருந்தது; முளைதான் இடுக்கியோடு வந்துவிட்டது.

மே மாதம் முதல் சனிக்கிழமை விடிந்தபோது ஆறு தொட்டிகளிலும் இருந்தது கிழங்கல்ல, கூழ். நெவில் டையை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். பல் மருத்துவருக்கு நிலத்தை விட்டுக்கொடுக்கும் கடிதத்தை எழுத உட்கார்ந்தார். தேதிக்கு மேல் பேனா நகரவில்லை.

மாவிஸ் மாடிக்குப் போனாள். அங்கே வெந்நீர்த் தொட்டி இருக்கும் சூடான அலமாரியில்தான் குளியல் துண்டுகள் இருக்கும். திரும்பி வந்தபோது அவள் கையில் ஏழாம் எண். கட்டைவிரல் பருமனில் மூன்று முளைகள், இருட்டில் கிடந்ததால் வெளிறிப்போய், ஆனால் விறைப்பாக நின்றன.

"எங்க இருந்துச்சு?"

"துண்டுக்குப் பின்னாடி. மார்ச்சுலேருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா தோண்டிடுவ."

அவர் கை தானாகவே தேக்கரண்டியை நோக்கிப் போனது. மாவிஸ் அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மன்றத்துக்குக் காரில் போனார்கள். ஸ்கெல்பியின் சாலைகளில் கார் குதித்துக் குதித்துப் போக, மாவிஸ் தொட்டியைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சங்கச் செயலாளர் பெரில், நாற்பது வருடம் அந்த ஊரில் பேருந்து ஓட்டியவள். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு முளைகளைப் பார்த்தாள். திருப்தியாகக் கையெழுத்துப் போட்டாள். நிலம் நெவிலுடையதாயிற்று. அந்த மகிழ்ச்சியில் அவர், யாரும் கேட்காமலே, 'கிழங்கு வளர்ப்பில் தொடர் பரிசோதனையின் பங்கு' என்ற பொருளில் நாற்பது நிமிடம் உரையாற்றினார். இரண்டு பேர் தூங்கினார்கள். பிஸ்கட் தீர்ந்தது. மாவிஸ் பின்னிக்கொண்டிருந்த கம்பளிக் காலுறையில் குதிகால் வந்துவிட்டது.

கடைசியில் பெரில்தான் கையைத் தூக்கினாள். "எல்லாம் சரி, கண்ணு. இந்த ஏழாம் நம்பரை எத்தனை தடவ தோண்டிப் பார்த்த?"

நெவில் பொய் சொல்லிப் பழகியவர் அல்ல. தலை கவிழ்ந்தது. முதல் நாள் ஒரே ஒரு தோண்டலுக்குப் பிறகு அந்த ஒன்று தன் பரிசோதனைக்குத் தப்பிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். இப்படித் தப்பியது வாழ்க்கையில் இரண்டாவது முறை என்றார். முதலில் தப்பியது டான்சி சந்து என்றும், அதன் குடிமக்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்கும் நாளுக்காகவே காத்திருப்பதாகவும் சொன்னார்.

பெரில் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நான் டான்சி சந்துதான், கண்ணு," என்றாள். "இந்த ஊர்லயே குழி இல்லாத தெரு எங்க தெரு ஒண்ணுதான். முப்பது வருஷமா காரணம் தெரியாம இருந்துச்சு."