மிஸ் வெர்லீனை உடனே மாற்ற வேண்டும்

ழக்மேல் நகரில் பள்ளிக் குழுச் செயலாளராக வீற்றிருக்கும் என் பெரிய அண்ணன் ஒதிலோன் அவர்களுக்கு, மலைமேல் இருக்கும் தச்சன் தெரிலுஸ் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் நானும் ரோஸ்லோரும் பிள்ளை லோவேனாவும் இரண்டு ஆடுகளும் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் இருமலும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். அண்ணிக்கும் புரியும்படி இனி பிரெஞ்சில் வேண்டாம், நம் வீட்டுப் பேச்சான கிரியோலிலேயே கடிதம் போடு என்று போன தடவை சொல்லியனுப்பியிருந்தீர்கள். அப்படியே ஆகட்டும். எழுதித் தருபவர் வழக்கம்போல் மாதா கோயில் எழுத்தர் பெலிஸேர். அவர் படித்தவர், அடக்கமானவர், இன்னும் மணமாகாதவர். அண்ணியின் தங்கையை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்கும் ரோஸ்லோருக்கும் பெலிஸேருக்கும் தெரியும். லோவேனாவுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது, அதுதான் என் உயிர்நாடி. இரண்டு வருஷமாக அவள் பாடத்தை நான்தான் ஒப்பிக்கக் கேட்டேன். நம் பக்கத்து அப்பன்மார் எல்லாரும் செய்வதுதானே, பிள்ளை முற்றத்தில் நடந்து நடந்து உருப்போடும், பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னால் நிற்கும், நாம் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கடுகடுவென்று வைத்திருப்போம். ஓட்டம் தடைப்பட்டால் பலகையில் ஒரு தட்டு. என்ன தப்பு என்று எனக்குத் தெரியாது, ஆனால் எங்கே நொண்டுகிறது என்று தச்சனுக்குத் தெரியாமல் போகுமா. என் தட்டிலேயே பிள்ளை இரண்டு வருஷமும் வகுப்பில் முதலாவதாக வந்தாள்.

இந்த வருஷம் உங்கள் குழு மிஸ் வெர்லீனை அனுப்பியது, வந்தது வினை. உருப்போட வேண்டாமாம். புரிந்து வாசிக்க வேண்டுமாம். அதுவும் பிரெஞ்சில் இல்லை, கிரியோலில். அண்ணா, கிரியோல்தான் வீட்டிலேயே சும்மா கிடைக்கிறதே, ஆட்டுக்குக் கத்தச் சொல்லிக்கொடுக்க யாராவது வாத்தியார் வைப்பார்களா. மடமடவென்று ஓடிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது ஒரு சொல்லின் கீழே விரலை வைக்கிறாள், நிற்கிறாள், யோசிக்கிறாள், கடைசியில் என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, முட்டையத் தொலச்சா கோழி அழுமா?" என்கிறாள். இதற்கு நான் எங்கே தட்டுவது?

போதாக்குறைக்கு ஒரு உத்தரவு. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு அப்பா வகுப்புக்கு வந்து பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்ட வேண்டுமாம். என் முறை வந்ததும் கண் தெரியவில்லை என்றேன். ரோஸ்லோர் சும்மா இருந்திருக்கலாம், போய்த் தன் ஞானத்தாயின் கண்ணாடியைக் கேட்டு வாங்கி வந்துவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டு மரம் அறுத்ததில் கோயில் பெஞ்சுக்கு ஒரு கால் நாலு விரற்கடை குட்டையாகப் போய், அதில் உட்கார்ந்த பெரிய பாடகர் பூசையின் நடுவில் உருண்டுவிட்டார். பிறகு கையில் துணியைச் சுற்றிக்கொண்டு காயம் என்று முனகினேன். லோவேனா நிதானமாக, "வாசிக்கறதுக்குக் கை எதுக்குப்பா?" என்றாள். புத்திசாலிப் பிள்ளையைப் பெற்றவன் படும் பாடு இருக்கிறதே.

வெள்ளிக்கிழமை வந்தது. நானே செய்த பெஞ்சுகளில் முப்பது பிள்ளைகள், முன்வரிசையில் என் பிள்ளை, தலைநிறைய வெள்ளை ரிப்பன். மிஸ் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். பக்கத்தில் ஒரு கோழிப் படம் இருந்தது, மற்றதெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி. இரண்டு வருஷம் கேட்டுக் கேட்டு என் மண்டையில் ஏறியிருந்ததை எடுத்துவிட்டேன், நாட்டின் மலைகள், அவற்றின் உயரம், அங்கே பிறக்கும் ஆறுகள், எல்லாம் அசல் பிரெஞ்சில், மூச்சு விடாமல், நடுநடுவே நானே மேஜையைத் தட்டிக்கொண்டு. முடித்து வேர்வையைத் துடைத்தேன். அப்போது லோவேனா மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, அது போன வருஷத்து மலைப் பாடம். இது கோழி."

ஒரு பிள்ளை சிரித்தது, பிறகு முப்பதும் சிரித்தன. லோவேனா மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தாள், அவளுக்கு விளங்கிவிட்டது. மிஸ் கிட்டே வந்து என் விரலை எடுத்து முதல் சொல்லின் கீழே வைத்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "நாளைக்கு மத்தியானம் வேலை முடிஞ்சதும் வாங்க. இது நீங்க பேசுற பேச்சுதான், எழுத்துல இருக்கு, அவ்வளவுதான்" என்றார். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். வழியில் சிறிது மனவருத்தம் உண்டாயிற்று.

ஆகவே குழுவைக் கூட்டி, மிஸ் வெர்லீனை என் கண்ணில் படாத ஊருக்கு மாற்றி, ஒழுங்காக உருப்போட வைக்கும் ஒருவரை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் மாதா துணை நிற்கட்டும், உங்கள் கூரை ஒழுகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தெரிலுஸ் (அவன் இட்ட சிலுவைக் குறி)

பி.கு. அண்ணா. இது நான் எழுதுறேன். பெலிஸேர் இல்லை. மழையில் ரோடு போச்சு. தபால் லாரி வரலை. கடிதம் ஏழு வாரம் உளிப்பெட்டியில் கிடந்தது. இன்றைக்கு எடுத்தேன். வாசித்தேன். காலையில் தொடங்கி மத்தியானம் ஆச்சு.

பெலிஸேர் அடக்கமானவர் என்று நான் சொல்லவே இல்லை. அண்ணியின் தங்கையை நான் விசாரிக்கவும் இல்லை. இருபது வருஷக் கடிதத்தில் இன்னும் என்னவெல்லாம் இருக்கோ. எல்லாம் அனுப்புங்கள். பிரெஞ்சை மிஸ் சொல்லித் தருவார். நான் பார்க்கணும்.

மனவருத்தம் என்று இருக்கு. நான் சொன்னது அழுதேன் என்று. மாந்தோப்பு வரைக்கும் அழுதேன். மறுநாள் லோவேனாதான் கையைப் பிடித்து மிஸ்ஸிடம் கூட்டிப் போனாள். வீட்டில் இப்போது புத்தகம் என் கையில். நான் நின்றால் அவள் பலகையில் தட்டுகிறாள்.

மிஸ் சொன்னது சரி. அது நம்ம பேச்சுதான். மிஸ்ஸை மாற்ற வேண்டாம். யாராவது மாற்றினால் நான் இறங்கி வருவேன்.

கோழிக்கு முட்டை கிடைத்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் இருக்கு.