வாழ்க்கையைச் சமன்செய்கிறவர்

மனிதர்களில் வாழ்க்கையைச் சமன்செய்கிறவர் என்றொரு வகை உண்டு. நீங்கள் இவரைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் இருக்க அவர் விட்டிருக்கமாட்டார். வேலை, குடும்பம், உடல், உள்ளம் என்று வாழ்க்கையை நாலு கூறாக வெட்டி, நாலும் ஒரே எடையில் இருக்கின்றனவா என்று நாள் முழுக்கத் தூக்கித் தூக்கிப் பார்த்து, கடைசியில் நாலில் ஒன்றையும் செய்ய நேரமில்லாமல் போனவர் யாரோ, அவரே இவர். இவரைப் பற்றிப் பேச எனக்கு முழு உரிமை உண்டு. தினமும் காலையில் கண்ணாடிமுன் அவருக்கு நான்தான் சவரம் செய்துவிடுகிறேன்.

எங்கள் இனம் விடியலுக்கு முன்பே எழும். அலாரம் முதலில் மனைவியை எழுப்பும், பிறகு மாடிவீட்டுக்காரரை எழுப்பும், கடைசியாக மனைவி என்னை எழுப்புவாள். எழுந்ததும் கூடத்தின் நடுவில் விரிப்பை விரித்து, யாரும் குறுக்கே போகமுடியாதபடி அமர்ந்து, உலகத்தோடு ஒன்றிக் கலப்பேன். அதன்பின் புத்தகம். ஆசைதான் துன்பத்துக்கு வேர் என்று விளக்கும் நூல் ஒன்று கெட்டி அட்டையில் கிடைக்கவில்லையே என்று ஒரு வாரம் வருந்தியவன் நான்.

அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரர் எதையும் ஓடிக்கொண்டே செய்வார். அவருக்கு 'அவசரம்' என்றே பெயர். அவர்மேல் இரக்கப்பட்டு, மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் விசாரித்தேன்.

"என்ன சார், மூச்சு எப்படிப் போகுது?"

"அது தானா போய்ட்டு இருந்தவரைக்கும் நல்லாத்தான் சார் போச்சு. இப்பதான் மறந்து மறந்து போகுது."

வீட்டிலும் தொண்டு தொடரும். "இந்த நொடியில வாழப் பழகணும்" என்று மனைவியிடம் சொன்னேன். "இந்த நொடியில குழாய்ல தண்ணி வருது. போய் வாளியை வைங்க" என்றாள். ஞானத்துக்கு வீட்டில் என்ன மரியாதை இருக்கிறது?

இந்த நிலையில்தான், மனிதர்கள் யாரும் பிறர் பேசுவதைக் கேட்பதே இல்லை, தங்கள் முறை எப்போது வரும் என்று காத்துத்தான் இருக்கிறார்கள் என்று ஒரு நூலில் படித்தேன். தத்துவத்தில் எனக்கு எதுவும் எளிதில் பிடித்துவிடாது. இது பிடித்துவிட்டது. ஆபத்தே அதுதான். முதுகை நிமிர்த்து, இடைமறிக்காதே, மெதுவாகத் தலையசை, முகத்தில் கருணை இருக்கட்டும் என்று அதில் சொன்னதையெல்லாம் கண்ணாடிமுன் பழகினேன். கருணைதான் கொஞ்சம் இழுத்தடித்தது. பல்வலி போலவே வந்தது. பழகியாயிற்று, பேச ஆள் வேண்டுமே?

வந்தாள் மகள். வெளியூரில் ஒரு கட்டட வரைபட நிறுவனத்தில் வேலை, தனி அறையில் வாசம். விடுமுறைக்கு வந்தவள், ஊர் திரும்பவேண்டிய அன்று மாலை என் அருகில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு விஷயம் பேசணும்."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவள் பார்க்கவேண்டும் என்பதற்காகவே கைபேசியை அணைத்து, அடுத்த அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து நிமிர்ந்து அமர்ந்தேன். அவள் பேசினாள். குரல் ஏறியது, இறங்கியது, ஓரிடத்தில் கொஞ்சம் உடைந்தது. மேலதிகாரி என்ற சொல் வந்தது, போனது, மறுபடி வந்தது. நான் ஒருமுறைகூட இடைமறிக்கவில்லை. நாக்கு நுனிவரை வந்த அறிவுரையை விழுங்கினேன், விழுங்கியதைக் கவனித்தேன், கவனித்ததையும் கவனித்தேன். இத்தனை கவனத்துக்கு நடுவே அவளைக் கவனிக்க இடம் ஏது?

"நீங்க என்னப்பா சொல்றீங்க?"

இன்னொரு தடவை சொல்லம்மா என்று சாதாரண மனிதன் கேட்டிருப்பான். ஆழ்ந்து கேட்டவன் அப்படிக் கேட்கலாமா?

"அவசரப்படாதம்மா. ரெண்டு பக்கமும் எடைபோட்டுப் பாரு. எதுலயும் ஒரு சமநிலை வேணும்."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "சரிப்பா" என்று எழுந்து போனாள். அப்பனாக என் வாழ்நாளில் இதைவிடச் சிறப்பாக நான் எதையும் செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டு, கருணையைக்கூடக் கலைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மனைவி வந்து கலைத்தாள்.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு, அதுக்குள்ள பையைக் கட்டுறா. அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? கேட்டேன். முழுசா கேட்டேன்."

"கிழிச்சீங்க. எல்லார் முன்னாடியும் தினமும் திட்டு வாங்கித் தாங்கலை, வேலையை விட்டுட்டுக் கொஞ்ச நாள் இங்க வந்து இருக்கட்டுமான்னு கேட்டிருக்கா. பெத்தவங்க வீட்டுக்கு வர்றதுக்கு எடைபோட்டுப் பாக்கச் சொன்னீங்களாமே?"

என் சமநிலை நாற்காலியிலேயே தங்கிவிட்டது. நான் மட்டும் ஓடினேன். அறையில் அவள் பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்துடும்மா. நாளைக்கே வந்துடு. இல்ல, நீ போகவே வேணாம்."

"ஏன்ப்பா, அதுக்குள்ள எடைபோட்டாச்சா?"

"நீ சொன்னது எனக்குக் காதுல விழலைம்மா."

"பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க? அப்படித் தலையாட்டுனீங்க!"

"தலையாட்டுறதுலயேதான் இருந்தேன்."

சிரிக்கக்கூடாது என்று இருந்தவள் சிரித்துவிட்டாள். பையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, "முதல்லேர்ந்து சொல்றேன். தலையை ஆட்டினா எழுந்து போயிடுவேன்" என்றாள்.

நீங்களும் தாராளமாகச் சிரிக்கலாம். விரிப்பும் இல்லை, அலாரமும் இல்லை, இந்த வகையில் நாம் சேர்த்தியில்லை என்ற நிம்மதி உங்களுக்கு இருக்கும். இருக்கட்டும். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்தவர் உங்களிடம் ஏதோ கேட்டார். நீங்களும் தலை நிமிராமல் 'ம்' என்றீர்கள். எதற்கு 'ம்' சொன்னீர்கள் என்று முதலில் போய் விசாரியுங்கள்.