ஒரே உயிரில் எட்டுக் கட்டம்

பலீல் மூன்றாவது தடவையும் அதே பள்ளத்தில் விழுந்தார். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"வாப்பா, ரிவைண்ட அமத்துங்க. பள்ளத்துக்கு முந்தின இடத்துக்கே திரும்பப் போகலாம்," என்றாள் மகள் நதா.

"அதெல்லாம் ஒங்கட செட்டுக்கு. எங்கட காலத்துல ஒரே உயிர்தான். செத்தா செத்ததுதான்."

முயல் பாய்ந்து பாய்ந்து ஓடும் அந்தப் பழைய வீடியோ கேமை இப்போது புதிதாக வெளியிட்டிருந்தார்கள். சின்ன வயதில், மாத்தளையில் பாறூக் நானாவின் கேம் கடையில், எட்டுக் கட்டத்தையும் ஒரே உயிரில் முடித்தவர் பலீல். நதாவுக்கு மார்க்ஸ் குறைந்தாலும் இந்தக் கதைதான், காய்ச்சல் வந்தாலும் இந்தக் கதைதான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் இன்று பந்தயம் கட்டிவிட்டாள். மஹ்ரிப் தொழுகைக்கு முந்தி வாப்பா ரிவைண்ட் இல்லாமல் முதல் கட்டத்தைத் தாண்டினால், அவள் இனி ரிவைண்டைத் தொடமாட்டாள். தாண்டாவிட்டால், 'எங்கட காலத்துல' என்ற பேச்சு இந்த வீட்டில் இனிக் கிடையாது. சாட்சி, உம்மா ஸரீனா.

 அந்தப் பேச்சு இல்லாமல் பலீலுக்குப் பிள்ளை வளர்க்கவே தெரியாது.

முதலில் டீவியில் பிழை கண்டார். ஸ்டோர் அறையிலிருந்து பழைய பெட்டி டீவியைத் தூக்கி வந்தார். வயர் பொருந்தவில்லை, இடுப்புத்தான் பிடித்துக்கொண்டது. அடுத்து, உட்கார்ந்திருந்த சோபா செட்டியில் பிழை கண்டு பாயில் உட்கார்ந்தார். அதன்பிறகு எழும்பவே முடியவில்லை. பாயில் இருந்தபடியே பத்தொன்பதாவது தடவையும் விழுந்தார்.

"கம்பனிக்காரனுகள் பள்ளத்த அகலமாக்கிட்டானுகள்!"

"பள்ளம் அப்பிடியேதான் ஈக்கும். நீங்கதான் அகலமாகிட்டீங்க," என்றாள் ஸரீனா.

மஹ்ரிபுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. கடைசி முயற்சியாக, இப்போது யட்டவத்தையில் மரக்கறி வியாபாரம் செய்யும் பாறூக் நானாவுக்கே போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரையும் போட்டார்.

"நானா, எட்டுக் கட்டத்தையும் நான் ஒரே உயிர்ல முடிச்சனா இல்லியா? இந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் செல்லுங்க!"

"முடிச்சாய், மகன்! ஒருக்காவும் சாகல்ல."

பலீல் மகளை ஏறெடுத்துப் பார்த்தார். நதாவின் முகம் தொங்கிப்போனது.

பாறூக் நானா விடாமல் பேசிக்கொண்டே போனார்:

"முயல் செத்தா நீ கடைக்குள்ள உருண்டு உருண்டு அழுவாயே, அதுக்காகத்தானே எங்க விழுந்தாலும் முயல் சாகாத கள்ளக் கேம் கேசட் ஒண்ட கொழும்புல தேடி எடுத்து, ஒனக்கு மட்டும் ஒளிச்சுப் போட்டுத் தந்தேன்!"