பொம்மைக்குப் பதில் டிராக்டர்

“மொதல்ல அந்தப் பேர எடும்மா!” என்றார் கலியமூர்த்தி.

அவர் நின்றது கம்ப்யூட்டருக்குப் பின்னால். திரைக்கு மேலே குந்தியிருந்த கேமரா வழியாக உலகத்துத் திருடர்கள் மொத்தப் பேரும் எட்டிப் பார்ப்பார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஆகவே, மகள் வேல்விழிக்கு வரன் தேடி ரீட்டாவின் பிரவுசிங் சென்டருக்கு வந்த நாள்முதலாய் அவர் கண்டதெல்லாம் அந்தப் பெட்டியின் முதுகையும் நாலு ஒயரையும்தான்.

“எடுத்துட்டு என்ன சார் போடறது?” என்று முன்னால் உட்கார்ந்திருந்த ரீட்டா கேட்டாள்.

“அமிர்தம்னு போடு. அந்தப் பேரச் சொல்லிக்கிட்டு எவன் வந்தாலும் எங்க வூட்டுக் கதவு தொறக்காது.”

கலியமூர்த்தி பீங்கான் கம்பெனியில் சூளை மேஸ்திரி. முப்பது வருஷத்தில் அவருடைய சூளையில் ஒருவனுக்கும் சுண்டுவிரல் நகம்கூடச் சுட்டதில்லை. ஆறாத சூளையின் கதவில் எவனாவது கை வைத்தால், மூன்று தெரு தள்ளி டீ குடித்துக்கொண்டிருக்கும் அவருக்கு முதுகு அரிக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷர், ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் இணையத்தில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்ற கட்டுரையைப் படித்துத் தொலைத்துவிட்டார். பெயர், புகைப்படம், பிறந்த தேதி, முகவரி, போன் நம்பர் எதையும் முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுக்காதீர்கள் என்றது கட்டுரை. நல்ல கட்டுரைதான். கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்திருக்கிறவன் என்ன செய்வது என்று மட்டும் அதில் இல்லை.

“பேரும் பொய்யி, ஊரும் பொய்யி. வர்ற மாப்ள யாரங்க கட்டிப்பாரு?” என்றாள் அன்று ராத்திரி வீட்டில் இட்லி பரிமாறிய மனைவி பானுமதி.

“மாப்ளன்னு வர்றவன் மாப்ளதான்னு ஒனக்கு எப்பிடிடீ தெரியும்?”

கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்த வேல்விழி நிமிரவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர், இருபத்தெட்டு வயது. மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்து, பஜ்ஜி தின்று, பதிலே சொல்லாமல் போயிருந்தார்கள். “வுடும்மா. நான் பத்திரமா இருக்கணும்னுதானே செய்யறாரு” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு நொடி பிந்தி வந்ததைக் கலியமூர்த்தி பார்த்துவிட்டார். எட்டு இட்லிக்காரர் அன்றைக்கு ஆறோடு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை போட்டோவின் முறை.

“அதையும் எடுத்துடும்மா. தலைய மட்டும் வெட்டி வேற ஒடம்புல ஒட்டிடறானுங்களாம்.”

“போட்டோ இல்லன்னா யாரு சார் பாப்பாங்க?”

அவர் பையிலிருந்து வைக்கோல் சுற்றிய பொட்டலத்தை எடுத்தார். உள்ளே ஒரு முழ உயரத்துக்குக் கல்யாணப் பெண் பொம்மை; பீங்கான். “இதப் புடிச்சிப் போடு. மூக்கு ஏறக்கொறைய எம்பொண்ணு மூக்குதான்.”

ரீட்டா பொம்மையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பொம்மையைக் கேமராவுக்கு நேராக நிறுத்தினாள்.

அடுத்த நாளே பதில் வந்துவிட்டது. ரீட்டா பிரிண்ட் எடுத்து நீட்டினாள். ‘பொம்மை லட்சணம். எங்கள் பையனுக்காக ஒரு படம் இணைத்துள்ளோம்.’ கீழே சிவப்பு நிறத்தில் ஒரு டிராக்டர்.

“என்னம்மா இது?”

“டிராக்டருங்க சார்.”

“எனக்குக் கண்ணு தெரியிது. பையன் எங்க?”

“பையன் போட்டோவக் குடுத்தா ஆபத்துன்னு அவங்கப்பா சொல்றாரு சார்.”

“ஃப்ராடு!” என்று அவர் போட்ட சத்தத்தில் ஜங்ஷனில் புறப்பட இருந்த ரயில் ஐந்து நிமிஷம் தாமதமானதாகக் கேள்வி. ஆனால் விடுவிடுவென்று மாடியிலிருந்து இறங்கியவர் பாதிப் படியில் நின்றார். தாடையைச் சொறிந்தார். திரும்பி ஏறி வந்தார்.

“வயசு கேளும்மா.”

‘உங்கள் பெண்ணின் வயதைச் சொன்னால் சொல்கிறோம்’ என்று மறுநாள் பதில் வந்தது.

“இருபதுக்கு மேல, நாப்பதுக்குள்ளன்னு போடு.”

‘எங்கள் பையனும் அதற்குள்தான் இருக்கிறான்.’

“ஊரு?”

‘தமிழ்நாடு.’

பத்து நாளில் கலியமூர்த்தி சொக்கிப்போனார். “பானு, நேத்து அஞ்சு கேள்வி கேட்டேன். ஒண்ணுக்குக்கூட பதில் சொல்லல அந்த மனுஷன்! எப்பேர்ப்பட்ட குடும்பம்!”

“அப்ப அந்த டிராக்டருக்கே கட்டி வைங்க” என்றாள் பானுமதி.

கடைசியில் சந்திப்பு என்று முடிவாயிற்று. வீட்டில் ஆகாது, முகவரி தெரிந்துவிடும். போலீஸ் இருக்கிற இடம்தான் பத்திரம். ஞாயிறு பத்து மணி, விருத்தாசலம் ஜங்ஷன், இரண்டாவது பிளாட்பாரம். இவர் கையில் பொம்மை, அவர் கையில் டிராக்டர் படம். பெண்ணும் பையனும் முன்பின் தெரியாதவர்கள்போல் பத்தடி தள்ளி நிற்க வேண்டும்.

பத்து மணிக்கு, வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் காலண்டர் அளவு டிராக்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

“நீங்க...?”

“நீங்க சொல்லுங்க.”

“நீங்கதாங்க மொதல்ல.”

“பெரியவரு நீங்க, நீங்களே சொல்லுங்க.”

இப்படியே இருபது நிமிஷம். ஒரு பாசஞ்சர் வந்து, ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு போயும்விட்டது. ரயில்வே போலீஸ்காரர் ஜெயராஜ் லத்தியைத் தட்டிக்கொண்டு வந்தார்.

“யாருய்யா நீங்க? பொம்மையும் கையுமா ஒருத்தரு, டிராக்டரும் கையுமா ஒருத்தரு. பேரு என்ன?”

“சுப்புராயன்” என்றார் கலியமூர்த்தி.

“சக்கரபாணி” என்றார் வேட்டிக்காரர்.

சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த கம்பெனி அடையாள அட்டையை ஜெயராஜ் உருவினார். கலியமூர்த்தி. மற்றவர் பைக்குள் இருந்த ரேஷன் கார்டில் ஆதிநாராயணன், கடலூர் மாவட்டத்து மங்களூர்.

“ரெண்டு பேரும் கள்ளப் பேரு! நடங்கய்யா ஸ்டேஷனுக்கு. பொம்மைக்குள்ள என்ன வச்சிருக்க? ஒடைச்சிப் பாத்துடலாமா?” என்றவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “கூட யாரு வந்துருக்கா?”

கலியமூர்த்திக்கு முப்பது வருஷச் சூளையும் ஒரே நேரத்தில் வெடித்த மாதிரி இருந்தது.

“சார், என்ன எங்க வேணா கூட்டிப் போங்க. எம்பொண்ண மட்டும் ஒண்ணும் கேக்காதீங்க! அவ பேரு வேல்விழி சார். எழுபத்தேழு வைகாசி, பதிமூணாந்தேதி, விடியக்காலம் பொறந்தா. எடுத்து என் கையில குடுத்தப்ப, சூளையில கை வைக்கற நான், இந்தச் சொரசொரப்பு அவளுக்குப் பட்டுடக் கூடாதேன்னு துண்டச் சுத்திக்கிட்டு வாங்கினேன் சார். பெரியார் நகர், ரெண்டாவது கிராஸு. கணக்கு டீச்சரு. கோவம்னு ஒண்ணு வராது அவளுக்கு. அவள எவனும் ஏமாத்திடக் கூடாதுன்னுதான் சார் இத்தினியும்...” என்று தொடங்கி, கட்டுரை தடுத்த அத்தனையையும், போன் நம்பர் உட்பட, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி சொல்லித் தீர்த்தார்.

ஆதிநாராயணன் டிராக்டர் படத்தின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எம்பையன் அறிவழகனும் அப்பிடித்தாங்க. யாரு என்ன சொன்னாலும் நம்பிடுவான். தாயில்லாப் புள்ள. அதான் நானும்...”

“ஆமா, அந்தப் பொண்ணு எங்கய்யா?” என்றார் ஜெயராஜ்.

பத்தடி தள்ளி நிற்க வேண்டியவர்கள் முப்பதடி தள்ளி டீக்கடையில் நின்றிருந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில். வேல்விழி சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தச் சிரிப்பு ஒரு நொடிகூடப் பிந்தவில்லை.

“வேலு! யாரும்மா அது? முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட...”

“பேரு, ஊரு, வேல எல்லாம் கேட்டுட்டேம்பா. போன் நம்பரும் வாங்கிட்டேன்.”

“நீ குடுத்தியா?”

“அவரு மொதல்ல குடுத்தாரு.”

அறிவழகன் டீ கிளாஸைப் பின்னால் மறைத்துக்கொண்டு, “வணக்கம் மாமா” என்றான்.

“அட, கல்யாணக் கேஸா! பொம்மையப் பத்திரமாக் கொண்டுபோங்க” என்று ஜெயராஜ் நகர்ந்துவிட்டார்.

தட்டு மாற்றிய மறுநாள், மைசூர்பாகு டப்பாவோடு கலியமூர்த்தி பிரவுசிங் சென்டர் படியேறினார்.

“ரீட்டாம்மா, காரியம் முடிஞ்சிது. இனிமே எம்பொண்ணு வெவரம் ஒண்ணுகூட நெட்டுல இருக்கக் கூடாது. மொத்தமா எடுத்துடு.”

ரீட்டா ஒரு விள்ளல் மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு, நிதானமாக விழுங்கினாள்.

“ஏத்தினாத்தானே சார் எடுக்கறதுக்கு? நீங்க பயந்த பயத்துக்கு எனக்கு ஏத்த மனசே வரல. அதே பயத்தோட சாயங்காலத்துல டிராக்டர் படத்தத் தூக்கிக்கிட்டு இன்னொருத்தரு வந்தாரு, நீங்க சொன்னத அவருகிட்டயும் அவரு சொன்னத ஒங்ககிட்டயும் குடுத்துக்கிட்டு இருந்த நெட்டே நான்தாங்க சார்!”