தெரியாத ஆள்

"கப்பலா? எதுக்கு?" என்று கேட்டான் மகன் லிபின். கேட்டவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கருங்கல் சந்தையில் மூட்டை சுமக்கிற ஏசுஅடிமைக்குக் கப்பல் பயணம் பரிசாக விழுந்திருக்கிறது. பீரோ வாங்கின கடையில் கிறிஸ்துமஸ் குலுக்கல் நடத்தினார்கள். ஒரு குடும்பத்துக்கு, நாலு பேருக்கு, கொச்சியில் ஏறிக் கடலைச் சுற்றிவிட்டுக் கொச்சியிலேயே வந்து இறங்குகிற பயணம். சேதி கேட்டபோது தலையில் சீனி மூட்டை இருந்தது. அதை இறக்காமலேயே கடைக்காரரைக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தார்.

"எதுக்குண்ணா... சுத்திப் பாக்கத்தான் மக்கா. உள்ள நீச்சல் குளமெல்லாம் உண்டாம்."

"சுத்தி முழுக்க தண்ணி. அதுக்கு நடுவுல ஒரு குளமா?"

பிளஸ் டூ படிக்கிற மகள் ஷிஜி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அது கைப்பிள்ளியளுக்கும் ரிட்டயர் ஆன ஆளுவளுக்கும் உள்ளதுப்பா. நடுவுல உள்ள நாங்க அங்க போய் என்ன செய்ய?"

அவ்வளவுதான். ஒருத்தன் முன்வாசலுக்குப் போனான், ஒருத்தி பின்வாசலுக்குப் போனாள்.

இதுதான் அந்த வீட்டில் நடைமுறை. அப்பன் ஒரு வாசலில் நுழைந்தால் பிள்ளைகள் மறுவாசலில் இறங்குவார்கள். சண்டை ஒன்றும் கிடையாது. மரியாதைக்கும் குறைவில்லை. பேச்சுத்தான் இல்லை. சின்னதில் அவர் தோளிலேறி ஆளுக்கொரு காதைப் பிடித்துத் திருகினவர்கள், இப்போது "சாப்பிட்டியளா", "ம்" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். வருகிற வருஷம் பாலிடெக்னிக் முடித்து லிபின் மாமனோடு துபாய்க்குப் போகிறான். ஷிஜி நர்சிங் படிக்க பெங்களூர். அப்புறம் அந்த "ம்"மும் இருக்காது.

"கேட்டியாட்டி," என்று மனைவி வியாகுலம்மாளிடம் ரகசியம் சொன்னார், "கப்பலுக்கு வாசல் கெடையாது. அங்கேருந்து எங்க இறங்கி ஓடுவினும்?"

"நல்லாருக்கு. பிள்ளியள சந்தோசப்படுத்தக் கூட்டிட்டுப் போறியளா, பிடிச்சு அடைக்கக் கூட்டிட்டுப் போறியளா? கப்பலு வேண்டாம்ணா வாஷிங் மெஷின் தாறேன்னு கடைக்காரரு சொன்னாருல்லா? அத வாங்கும். எனக்காவது உதவும்."

ஏசுஅடிமை கேட்கவில்லை. லிபினைத் தனியாகப் பிடித்து, "தங்கச்சிக்கு ரொம்ப ஆசை மக்கா, உனக்காவத்தான் வெளிய சொல்லாம இருக்கா" என்றார். ஷிஜியைத் தனியாகப் பிடித்து, "அண்ணனுக்கு ஆசை, உனக்க முகத்தத்தான் பாக்கான்" என்றார். சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாக வந்து முன்னால் நின்றார்கள்.

"எனக்கு ஆசைண்ணு உங்களிட்ட ஆரு சொன்னா?"

"எனக்குண்ணு ஆரு சொன்னா?"

அடுத்த நாள் சந்தையில் கூட்டாளி ஆன்ட்ரூஸிடம் முறையிட்டார். ஆன்ட்ரூஸ் மூன்று பிள்ளைகளை வளர்த்துக் கரையேற்றினவர். வெற்றிலையைத் துப்பிவிட்டு, கேஸை ஒரே மூச்சில் முடித்தார்.

"கப்பலு பிரச்சினையில்லடே. நீதான் பிரச்சினை. பெரிய பிள்ளியளுக்கு அப்பன்கூட நடக்கது நாணக்கேடு. நான் தெரியாத ஆளு மாதிரி இருந்துக்கிடுவேன்னு சொல்லிப் பாரு, ஓடி வருவினும்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில், மரச்சீனிக் கிழங்குக்கும் மீன்குழம்புக்கும் நடுவில் ஏசுஅடிமை தன் சும்மாட்டை எடுத்து வைத்தார். தலையில் பாரம் தாங்க வைக்கிற துணிச்சுருள்தான். ஆனால் சுமட்டுக்காரன் அதைத் தொட்டுச் சொன்னால் சொன்னதுதான். மூட்டையைப் பாதி வழியில் போடுகிறவனையும் சொல்லைப் பாதி வழியில் போடுகிறவனையும் அந்தச் சந்தையில் ஒரே தட்டில்தான் வைப்பார்கள்.

"இதத் தொட்டுச் சொல்லுகேன். கப்பல்ல ஏறி இறங்கது வரைக்கும் உங்க பக்கத்துல வரமாட்டேன். ஆருண்ணே தெரியாத மாதிரி இருப்பேன். போருமா?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்பா, அதுக்கில்ல..." என்று லிபின் ஏதோ தொடங்கினான்.

"சொல்லியாச்சு. இனி மாத்தமில்ல."

லிபின் சும்மாட்டை மீன்குழம்பு படாமல் தள்ளி வைத்தான். பிறகு, "சரி, போலாம்" என்றான்.

ஏசுஅடிமைக்குத் தூக்கம் வந்ததே விடியற்காலையில்தான். பிள்ளைகளோடு இருப்பதற்காகத்தான் கப்பல். அந்தக் கப்பலில் ஏறுவதற்காகப் பிள்ளைகளை விட்டாயிற்று. கணக்கு எங்கேயோ உதைத்தது. ஆனால் தொட்டது தொட்டதுதான்.

கொச்சித் துறைமுகத்திலேயே வினை தொடங்கிற்று. ஆயுசு முழுக்கச் சுமந்த மனுஷன். பெட்டியை இழுக்க மாட்டாமல் ஒருத்தர் திணறினால் அவர் கை சும்மா இருக்குமா? முதலில் ஒரு வயதானவரின் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தார். அதன்மேல் அவர் பெஞ்சாதியின் பெட்டியை வைத்தார். அதற்குமேல் யாருடையதோ ஒரு குழந்தை வண்டி. கூட்டத்தைப் பிளந்துகொண்டு, "வழி, வழி!" என்று சந்தைக் குரலில் கூவியபடி நடந்தார். காவலாளி ஓடிவந்து தடுத்தான். சாமான் எல்லாம் தானாக அறைக்கு வந்து சேருமாம், யாரும் சுமக்கக்கூடாதாம். வரிசையே திரும்பிப் பார்த்தது. ஷிஜி முகம் செம்பருத்திப் பூவாய்ச் சிவந்தது.

அதைப் பார்த்த ஏசுஅடிமைக்கு வெப்ராளம், ஒரே பதற்றம். பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமே! தலைச்சுமையோடு காவலாளி பக்கம் திரும்பி ஓங்கிச் சொன்னார்: "அந்தா நிக்கிய ரெண்டு பிள்ளியளும் ஆருண்ணே எனக்குத் தெரியாது, கேட்டியளா!"

அதுவரை அந்த இரண்டு பிள்ளைகளைக் கவனிக்காதவர்களும் கவனித்தார்கள்.

கப்பல், கப்பல் மாதிரியே இல்லை. நாகர்கோவிலில் உள்ள துணிக்கடைகளை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மிதக்க விட்டதுபோல் இருந்தது. வியாகுலம்மாள் அறைக்கட்டிலில் மல்லாந்தாள். "எவளோ சமைக்கா, எவளோ பாத்திரம் கழுவுகா. கரை வந்தா எழுப்பும்" என்று சொல்லிக் கண்ணை மூடினாள்.

ஏசுஅடிமை பிள்ளைகளைத் தேடிப் போனார். பக்கத்தில் வரமாட்டேன் என்றுதானே சத்தியம்? தூரத்தில் நிற்பதற்கு ஒன்றும் சொல்லவில்லையே. பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறதா என்று அப்பன் பார்க்க வேண்டாமா?

பார்த்த மட்டில் வயிறு எரிந்தது. பொடிசுகளுக்கு ஒரு அறை, பந்தும் பொம்மையுமாக. பதினேழு வயசுவரை உள்ளவர்களுக்கு இன்னொரு அறை. பெரியவர்களுக்கு ஆட்டமும் குடியும் உள்ள ஒரு கூடம். அதன் வாசலில் வயசு கேட்டு நிற்க ஒரு ஆள். லிபினுக்குப் பத்தொன்பது. ஒரு அறைக்கு முற்றிப் போனான், ஒரு கூடத்துக்கு இன்னும் விளையவில்லை. கப்பலில் இத்தனை மாடி கட்டினவன் பத்தொன்பது வயசுக்காரனுக்கு மட்டும் இடம் கட்டவில்லை. ஷிஜி தன் வயசு அறைக்குள் போனாள். போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"எல்லாம் எட்டாங்கிளாஸ் பிள்ளிய. என்னய ஆன்ட்டின்னு விளிக்கிதுவ" என்று அண்ணனிடம் அவள் சொன்னது தூணுக்குப் பின்னால் நின்ற ஏசுஅடிமைக்குக் கேட்டது.

அன்று சாயங்காலம் லிபின் அவரிடம் நேராக வந்தான். "அப்பா, சாப்பிட வாங்க."

சுற்றி ஆட்கள் இருந்தார்கள். பயல் சோதிக்கிறான் என்று ஏசுஅடிமைக்குத் தோன்றியது. சும்மாட்டை நினைத்துக்கொண்டார். "தம்பி ஆரு? ஆள் மாறி விளிக்கீங்களே" என்றார்.

லிபினின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பிறகு போய்விட்டான். நாலு பேரும் தங்கின அறைக்குத் திரும்பின பிறகும் ஏசுஅடிமை சுவரைப் பார்த்துப் படுத்து, தூங்குகிற மாதிரி கிடந்தார். வாய் தவறி மக்களே என்று வந்துவிட்டால்?

மறுநாள் பொழுது விடிந்ததிலிருந்து பிள்ளைகள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சூரியன் உதிக்குமுன் மேல்தட்டுக்கு ஏறினார்கள். ஏசுஅடிமையும் ஏறினார். கடல் முழுக்க யாரோ பித்தளைப் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்த மாதிரி ஒரு வெளிச்சம். அவருக்கு மூச்சு நின்றது. பிள்ளைகளோ சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்போனைத் தூக்கிப் பிடித்து, தங்கள் முகத்தையே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏசுஅடிமை குனிந்து மறைந்தார்.

அங்கிருந்து மேஜிக் நடக்கிற கூடம். பிள்ளைகள் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தார்கள். ஏசுஅடிமை கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் ஒரு பெண்ணைப் பெட்டிக்குள் வைத்து அறுத்தபோது, தன்னை மறந்து "எளவு, அறுத்துட்டானே!" என்று எழுந்தே விட்டார். முன்னால் இருந்த இருவர் தோள்களும் குலுங்கின. பிள்ளைகள் அழுகிறார்களோ என்று பயந்தார். மேஜிக் முடிந்ததும் அவர்கள் எழுந்து போனார்கள்.

அப்புறம் பாட்டுக் கச்சேரி. அப்புறம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஞ்சின் ஓடுகிறது தெரிகிற அறை. அப்புறம் பின்தட்டு, நுரை இரண்டாகப் பிரிகிற இடம். எங்கே போனாலும் கொஞ்ச நேரம்தான். எதிலும் மனசு ஒட்டவில்லை பிள்ளைகளுக்கு. ஒவ்வொரு மாடிப்படி முக்கிலும் லிபின் குனிந்து காலில் என்னவோ சரிசெய்தான். ரப்பர் செருப்பில் சரிசெய்ய என்ன இருக்கிறது என்று ஏசுஅடிமைக்குப் புரியவில்லை. பாவம், நடந்து நடந்து கால் வலிக்கிறது போலும்.

ஐஸ்கிரீம் கொடுக்கிற இடத்தில்தான் அவருக்குக் கோபமே வந்தது. ஷிஜி நாலு கிண்ணம் வாங்கினாள். ஆளுக்கு ஒன்றைத் தின்றார்கள். மீதி இரண்டையும் தொடாமல் மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தார்கள். சோற்றுக்கு மூட்டை சுமக்கிறவன் பெற்ற பிள்ளை தின்கிற பண்டத்தை எறிகிறது! அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உட்கார்ந்து ஒன்றைத் தின்றார். நல்லாத்தான் இருந்தது. இன்னொன்றை உருகாமல் ஓட்டமாகக் கொண்டுபோய் வியாகுலம்மாளுக்குக் கொடுத்தார். திரும்பி வரும்போது பிள்ளைகள் இன்னும் பக்கத்துப் படிக்கட்டில்தான் நின்றார்கள். லிபின் செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

கரை தெரிந்த காலையில் ஏசுஅடிமை அதே ஐஸ்கிரீம் மேசையில் தனியாக வந்து உட்கார்ந்தார். கிண்ணம் துடைத்துக்கொண்டிருந்தவன் சிலுவை என்ற குளச்சல்காரன். பேச்சுவாக்கில் ஊர்க்காரன் என்று தெரிந்ததும் ஏசுஅடிமைக்கு நெஞ்சு திறந்துகொண்டது.

"பெரிய தப்பு செய்துட்டேன் தம்பி. பெரிய பிள்ளியளுக்கு உள்ள இடமில்ல இது. ரெண்டும் ஒரு இடத்துல இருக்கல்ல, ஒண்ணயும் முழுசா ரசிக்கல்ல. பேய் பிடிச்ச மாதிரி மாடி மாடியா அலைஞ்சுதுவ. நானும் தூர நின்னு பாத்தேன். பாத்துப் பாத்து மனசு நொந்ததுதான் மிச்சம். இதுக்கு அந்த வாஷிங் மெஷினையே வாங்கியிருக்கலாம். பெஞ்சாதியாவது வாழ்த்தியிருப்பா."

சிலுவை துடைத்த கிண்ணத்தை வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"அந்த அப்பா நீங்கதானா? 'எங்க அப்பா விளிச்சா வரமாட்டாரு, நாங்க முன்னால போனா தூண் தூணா ஒளிஞ்சு பின்னாலயே வருவாரு, அப்பிடியாவது அவருக்குக் கப்பலச் சுத்திக் காட்டிட்டு வாறோம்'ணு எங்கிட்ட சொல்லிட்டுல்லா அண்ணாச்சி, உம்ம பிள்ளிய ரெண்டும் மாடி மாடியா நடந்துது!"