மவுஸைத் தொடாதவன்

எங்க அப்பாவின் குரலை எடுத்தது டாக்டர் என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். டாக்டர் தொண்டையில் இருந்ததைத்தான் எடுத்தார். கம்ப்யூட்டரில் இருந்ததை எடுத்தது நான். அதுவும் மவுஸைத் தொடாமல்.

அப்போது திருநகரில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. (ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மாடி ரூம், சுவரெல்லாம் முட்டை அட்டை, காதுகுத்துப் பாட்டு, கடைத்திறப்பு விளம்பரம். அம்புட்டுத்தான்.) ஓனர் சேகரண்ணனுக்கு ஒரே ஒரு கொள்கை. மவுஸைத் தொடுகிறவன் கத்துக்குட்டி, எல்லாவற்றையும் கீபோர்டிலேயே முடிக்கிறவன்தான் இன்ஜினியர். நான் மவுஸைத் தேடினால் அதைப் பிடுங்கிப் பைக் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

நானும் வெறிபிடித்த மாதிரி படித்தேன். ஷார்ட்கட் பட்டியலை எழுதி எங்கள் வீட்டு பாத்ரூம் கதவில் ஒட்டினேன். வலது கை சோற்றைப் பிசையும்போது இடது கை தொடையில் தட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் சாம்பாரைக் கொட்டிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் விரல் தானாகவே, செய்ததைச் செய்யாததாக்குகிற கண்ட்ரோல் இசட்டுக்குப் போனது. அதைப் பார்த்துவிட்ட செல்வி அக்கா, "சாம்பார் சட்டிக்குத் திரும்பிருச்சாடா?" என்றாள்.

அப்பா லோடு ஆட்டோவில் காய்கறி விற்பவர். பரவை மார்க்கெட்டில் சரக்கு ஏற்றி, திருநகர் பக்கம் தெருத்தெருவாக வருவார். மற்ற ஆட்டோக்களில் எல்லாம் மெமரி கார்டில் பதிந்த குரல்தான் ஓடும். அப்பா மட்டும் மைக்கைப் பிடித்துத் தானே கூவுவார். அப்படி ஒரு வீம்பு. தக்காளியை அவர் இழுக்கிற இழுப்பில் மூன்று தெரு தள்ளி இருப்பவர்களும் கூடையைத் தூக்கிவிடுவார்கள். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் மிஞ்சுவார், ஆனால் இனிப் பேச முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா மூன்று நாள் அழுதாள். அப்பா அழவில்லை. என்னிடம் வந்து, "ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முன்னாடி கூவிக் குடுத்துட்டுப் போறேன், பதிஞ்சு வச்சுக்க," என்றார்.

அட்மிஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் ஸ்டுடியோவுக்கு வந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. கையில் அம்மா எனக்குக் கொடுத்துவிட்ட தூக்குவாளி. மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் அவரைச் சும்மா பேசவிட்டு ஒரு சோதனைப் பதிவு எடுத்தேன். அப்புறம் நிஜப் பதிவு. விலையும் காயும் தினமும் மாறுமே, அதனால் விலை சொல்லாமல் ஒவ்வொரு காயையும் தனித்தனியாகக் கூவினார். அன்றன்றைக்கு வேண்டியதை நான் கோர்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. தக்காளி, கத்தரி, சீனியவரை, புடலை, மார்கழிக்கு மொச்சை என்று ஒரு வருஷத்துக் காயையும் கூவினார். கடைசியாக முருங்கைக்காய்க்கு வந்தபோது வெறும் காற்றுதான் வந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"போதும்டா. இருந்தத அம்புட்டும் குடுத்துட்டேன்."

நான் அதோடு சும்மா இருந்திருக்கலாம். அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார், மகன் இன்ஜினியர் என்று காட்ட வேண்டாமா? சோதனைப் பதிவை அழிக்கிறேன் பேர்வழி என்று டெலிட்டைத் தட்டினேன். கையோடு, தேவையில்லாத ஃபைலை டிஸ்க்கிலிருந்தே துடைத்துவிடுகிற மூன்று விரல் ஷார்ட்கட்டையும் போட்டேன். (அன்று காலையில்தான் மனப்பாடம் செய்திருந்தேன். விதி.) இதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, பரவாயில்லையா என்று திரையில் கேட்டது. அதையெல்லாம் உட்கார்ந்து படிக்கிறவன் கத்துக்குட்டி அல்லவா? என்டரைத் தட்டினேன். அப்பா அந்தக் காற்றுக் குரலில், "படபடன்னு அடிக்கிறியேடா," என்றார். அவர் வாயால் என்னைப் பாராட்டியது அதுதான் கடைசி.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டேன். இருமல் கேட்டது. சோதனைப் பதிவு மேல் வரியில் இருந்தது, நிஜப் பதிவு கீழ் வரியில். டெலிட்டுக்கு முன்னால் மேல் அம்புக்குறியைத் தட்ட மறந்திருக்கிறேன். கண்ட்ரோல் இசட் அடித்தேன். இருபது தடவை அடித்தேன். சாம்பார் சட்டிக்குத் திரும்பவில்லை.

"நல்லா வந்திருக்கா?" என்று கேட்டார். அருமையாக வந்திருக்கிறது என்று சொன்னேன். நிஜத்தைச் சொன்னால் எழுந்து நின்று திரும்பவும் கூவப் பார்ப்பார், தொண்டை கிழிந்துவிடும் என்று பயந்தேன். என்னைப் பற்றியும் பயந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா கிளம்பிப் போனதும் சேகரண்ணன் என்னென்னவோ சாஃப்ட்வேர் போட்டுத் தேடினார். ஒன்றும் வரவில்லை. பைக் பெட்டியிலிருந்து மவுஸை எடுத்துவந்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆபரேஷன் முடிந்து அப்பா கழுத்தில் ஓட்டையோடு வீட்டுக்கு வந்தார். நோட்டில் அவர் எழுதிய முதல் வார்த்தை, 'போடு'. அம்மா, அக்கா எல்லாரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் நடந்ததைச் சொன்னேன். சொல்வதற்குள் அழுதுவிட்டேன். அப்பா நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பிறகு எழுதினார்: 'மிச்சம் என்ன இருக்கு?'

இருந்ததைப் போட்டேன்.

"பதிவாகுதா?" இருமல். "லைட்டு எரியுதேடா, பதிவாகுதா? சரி, நீ சாப்பிட்டியா? உங்கம்மா தக்காளிச் சோறு குடுத்துவிட்டுருக்கா. சாப்ட்டுட்டு வேலையப் பாரு, அது எங்கயும் ஓடிப் போயிராது."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரிக்கிறார். சத்தம்தான் இல்லை. நோட்டை இழுத்து, 'இதையே வண்டியில போடு' என்று எழுதினார்.

இன்றைக்கும் அந்த வண்டி அதைத்தான் கேட்டுக்கொண்டு போகிறது. கூடையோடு வருகிறவர்கள், "சாப்ட்டாச்சுண்ணே" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கிறார்கள். வீட்டில் நான் டிவி ரிமோட்டைத் தொட்டால் போதும், "கையக் கட்டிக்கிட்டு உக்காருடா, இருக்கிறதும் போயிரும்," என்பாள் அக்கா. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தனியாக இருக்கும்போது அந்தத் தக்காளியைக் கூவிப் பார்ப்பேன். எங்கே இழுத்து எங்கே விடுவார் என்பது வருஷத்துக்கு வருஷம் மங்கிக்கொண்டே போகிறது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

தினமும் மத்தியானம் அப்பாவிடமிருந்து போன் வரும். அவர் பேச முடியாது, வண்டி ஸ்பீக்கரில் போனை வைத்துப் பிடிப்பார். பதிவாகுதா என்று கேட்டு, இருமி, நீ சாப்பிட்டியா என்பார்.

"சாப்ட்டேன்ப்பா," என்பேன், பாதி நாள் பொய்யாக.

போனில் விரலால் ரெண்டு தட்டுத் தட்டுவார். சரி, வச்சிர்றேன் என்று அர்த்தம்.