வலது பக்கம் திரும்பாமல் நாகர்கோவில்

சுசீந்திரம்,
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

கர்த்தருக்குள் பிரியமான மருமகன் எட்சனுக்கு, உன் தாய்மாமன் தேவகுமார் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அம்மா ராகேல் அக்கா சுகம், உன் மனைவி ஜாஸ்மி சுகம், முற்றத்தில் நிற்கும் உன் வெள்ளைக் காரும் ஒரு கீறல்கூட இல்லாமல் பரிபூரண சுகம். ஷார்ஜாவில் நீயும் அவ்வாறே இருக்க இரவும் பகலும் ஜெபிக்கிறேன், பகலில் கொஞ்சம் கூடுதலாக.

மக்கா, முதல் காரியம். இன்றைக்கு நடந்தது அத்தனையும் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொல்லியிருந்தேன். வாத்து வரும் என்றேன், வந்தது. மழை பெய்யும் என்றேன், பெய்தது. ஜாஸ்மி ஜெயிப்பாள் என்றேன், ஜெயித்தாள். யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்காதே, சொன்னேன். என் குரல் செய்தி ஒன்றைக் கேட்டு முடிப்பதற்குள் உனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் போய்விடுகிறது என்று நீ சங்கடப்பட்டதால், இதை முறையாகத் தாளில் எழுதி, இன்றைக்கு விமானம் ஏறுகிற பக்கத்து வீட்டு பிரபின் கையில் முந்திரிக்கொத்துப் பொட்டலத்தோடு கொடுத்துவிடுகிறேன். பொட்டலம் இளைத்திருந்தால் அவனைக் கேள்.

நீ போன வாரம் போனில் பேசியது ஞாபகம் இருக்கும். "கார் மாமரத்துக்குக் கீழ இலை பெறக்கிட்டு நிக்குது. ஜாஸ்மி லைசன்ஸ் எடுத்தும் தெருமுக்கு தாண்டல்ல. கொட்டாரத்துல ஒரு ஆளு வெலைக்குக் கேக்கான், குடுத்திருவோம்" என்றாய். அதற்கு ஜாஸ்மி, நாகர்கோவில் கண் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது, வருகிற திங்கட்கிழமை சேரணும், ஷிப்டு முடிந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வர முடியாது, கார் போனால் வேலையும் போச்சு என்று அழாத குறையாகச் சொன்னாள். கடைசியில் நீ ஒரு வழி சொன்னாய். உன் தங்கை பெபிஷாவின் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் சர்ச்சில் ஞானஸ்நானம். அம்மாவையும் மாமாவையும் ஏற்றிக்கொண்டு ஜாஸ்மி ஓட்டட்டும். மாமா பக்கத்தில் இருந்து பார்த்து எழுதட்டும். மாமா சரி என்றால் கார் இருக்கட்டும், இல்லையென்றால் கொட்டாரம் போகட்டும். மக்கா, என்னை நீதிபதியாக வைத்தாயே, அந்த ஒரு விஷயத்தில் உனக்கு உன் அப்பாவுடைய புத்தி இல்லை, என் புத்தி.

தகுதி இல்லாதவனிடம் நீ கேட்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியது பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம். தேங்காய் லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போனவன் நான். "வரட்டும், வரட்டும்" என்று நான் முதுகில் தட்டி எடுத்த லாரி ஒன்றுகூடச் சுவரில் இடித்தது கிடையாது. சில ஊர்களில் சுவரைக் கொஞ்சம் முன்னால் கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

சுசீந்திரத்திலிருந்து நாகர்கோவில் எவ்வளவு தூரம் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நம்முடைய சந்து முக்கில் வலது பக்கம் திரும்பினால் நேரே இடலாக்குடி, கோட்டாறு, வேலை முடிந்தது. ஆனால் ஆபத்து அந்த முதல் திருப்பத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் இந்தப் பக்கம் வருகிற பஸ்ஸையும் பார்க்கணும், அந்தப் பக்கம் வருகிற டெம்போவையும் பார்க்கணும், கடவுள் மனுஷனுக்குக் கொடுத்தது ஒரே ஒரு கழுத்து. மனுஷருக்கு வருகிற விபத்தெல்லாம் வலது பக்கம் திரும்புவதால்தான் என்பதை நான் நாக்பூரிலேயே கண்டுபிடித்துவிட்டேன். ஆகையால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு வழி வரைந்தேன். அதில் வலது என்கிற பேச்சே கிடையாது. சந்தில் இடது, வழுக்கம்பாறையில் இடது, மயிலாடியில் இடது, வயல் நடுவே போய்த் தோவாளையில் இடது, வெள்ளமடம், ஒழுகினசேரி தாண்டினால் சர்ச் வாசலும் இடது.

தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். ஜாஸ்மி அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"மாமா, இது கன்னியாகுமரிக்குப் போற ரோடுல்லா?"

"கொஞ்ச தூரம் அப்பிடித்தான் தோணும் மக்ளே. பொறவு வளைஞ்சிரும்."

"நாகர்கோவில் இங்கோடி கெடக்கு. நாம அங்கோடி போறோம்."

"பூமி உருண்டைன்னு உனக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லித் தரல்லியா?"

அடுக்களையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "எலே தேவா, பேரப்பிள்ளைக்க ஞானஸ்நானத்துக்குப் போய்ச் சேருவமா, இல்ல அதுக்க கல்யாணத்துக்குத்தான் சேருவமா?"

"எனக்கு ரைட்டுல திரும்பத் தெரியும் மாமா" என்றாள் ஜாஸ்மி.

"தெரியும் மக்ளே. தெரிஞ்சவங்கதான் போய் இடிக்காங்க."

ஜாஸ்மி அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு தாளை மடித்து வைத்துவிட்டாள். என் வாதத்துக்குப் பதில் சொன்னவர்கள் இந்த ஜில்லாவில் குறைவு.

இன்று காலையில் உபதேசியார் வந்து முற்றத்தில் பயண ஜெபம் செய்தார். நோவாவின் பேழையில் தொடங்கி, யோனா ஏறிய கப்பல், பவுல் ஏறிய கப்பல் என்று வேதத்தில் உள்ள வாகனங்கள் எல்லாவற்றையும் நினைவுகூர்ந்து, கடைசியில் உன் காருக்கு வந்து, நாலு டயரையும் தனித்தனியாக ஆசீர்வதித்தார். ஸ்டெப்னியை மறந்துவிட்டார். நான் கண்ணைத் திறந்து ஞாபகப்படுத்தினேன், அதற்கும் ஒரு ஜெபம் ஆனது. அந்த நேரம் முழுவதும் ஜாஸ்மி ஸ்டியரிங்கில் கை வைத்து, ஹாரனைத் தொடாமல் காத்திருந்தாள். அந்தப் பொறுமைக்கே அவளுக்கு இன்னொரு லைசன்ஸ் கொடுக்கலாம்.

புறப்பட்டோம். நான் முன் சீட்டில் கம்பீரமாக உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டு, ஜன்னல் வழியாக இடது கையை வெளியே நீட்டி, திருப்பத்துக்குத் திருப்பம் சைகை காட்டிக்கொண்டே போனேன். மக்கா, அவள் ஓட்டின அழகை என்னவென்று எழுதுவேன்! ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. உன் அம்மாவும் பின் சீட்டில் வாயே திறக்கவில்லை. நான் பிறந்த நாளிலிருந்து அக்காவைப் பார்க்கிறேன், அவள் இவ்வளவு அமைதியாக இருந்தது இன்றைக்குத்தான். வண்டி ஓடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள். மயிலாடி தாண்டி வயலுக்குள் இறங்கினதும், அறுத்த வயலில் மேய்ந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டம் மொத்தமும் ரோட்டில் ஏறியது, ஆயிரம் இருக்கும், இரண்டாயிரம் என்றே வைத்துக்கொள், அதில் ஒரு வாத்து நேரே பறந்து என் மடியில் வந்து உட்கார்ந்துவிட்டது, ஜன்னல் திறந்திருந்ததல்லவா. நான் பதறாமல் பின்னால் கை காட்டி வண்டியை நிறுத்தச் செய்தேன். வாத்துக்காரன் கம்போடு ஓடி வந்தான்.

"வோய், யாருக்குவோய் கைய ஆட்டுதீரு? வாத்து மெரளுகுல்லா!"

"வண்டி ஓட்டுகவளுக்குச் சைகை காட்டுகேன்" என்றேன்.

அவன் எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "செரி செரி, இன்னைக்கு வெயிலு கூடுதல்தான்" என்று சொல்லி என் மடியிலிருந்த வாத்தைப் பைய எடுத்துக்கொண்டான். உன் காரின் பளபளப்பைப் பார்த்து மனுஷனுக்கு வேறு பேச்சு வரவில்லை.

அதைத் தாண்டினால், ரோட்டிலேயே வைக்கோலைக் காயப்போட்டிருக்கிறார்கள், அது சக்கரத்தில் சுற்றி வண்டி படுத்துக்கொண்டது, நான் இறங்கி உருவி எடுத்தேன், தலையிலும் சட்டைக்குள்ளும் வைக்கோல், அந்த நேரம் பார்த்து வெயிலோடு ஒரு மழை வந்தது பார், கண்ணாடியை ஏற்றுவதற்குள் உச்சந்தலையிலிருந்து வேட்டிக் கரை வரை தொப்பலாக நனைந்துவிட்டேன். ஜாஸ்மி மேலும் அக்கா மேலும் ஒரு துளி விழவில்லை. ஓட்டுத்திறமை என்றால் அதுதான். தோவாளை நெருங்கும்போது பெட்ரோல் தீர்ந்தது. ஒற்றை ஆளாகப் பம்ப் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். உன் கார் இவ்வளவு லேசு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது, நல்ல கம்பெனி. தோவாளையில் பூக்கார அம்மா ஒருத்தி என்னைக் கண்டதும், "பெரியவரே, தலையில வைக்கோல் இருக்கு, பூவும் வேணுமா?" என்று கேட்டாள்.

"நமக்கில்லம்மா, கார்ல ரெண்டு பொண்டுகள் இருக்கு. நல்ல பிச்சிப்பூவாத் தா."

"எந்தக் காரு?"

"பின்னால வருது."

"வரட்டு வரட்டு" என்று இரண்டு முழம் அளந்து, மேலே ஒரு சாண் சும்மா போட்டுக் கொடுத்தாள். என் முகத்தில் அவளுக்கு என்ன இரக்கமோ.

சர்ச்சுக்கு வந்து சேர்ந்தோம். காம்பவுண்டில் இரண்டு காருக்கு நடுவில், ஒரு ஆட்டுக்குட்டி நுழைகிற இடத்தில், ஜாஸ்மி பின்பக்கமாக எடுத்து நிறுத்தியிருக்கிறாள் பார்! நான் முதுகில் தட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. போதகர் ஐயாவே நின்று பார்த்தாராம். குழந்தை தலையில் தண்ணீர் பட்டும் அழவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குப் பிரியாணி கடைசிப் பந்தியில் கிடைத்தது. அடிச்சட்டி மசாலா கடைசிப் பந்திக்குத்தான் வரும் என்று நான் போட்ட கணக்கு.

ஆகையால் மருமகனே, என் தீர்ப்பு இது. நாக்பூர் வரை எத்தனையோ டிரைவர்மாரோடு போயிருக்கிறேன். அவர்கள் எல்லாம் ஹாரனால் ஓட்டினார்கள். உன் மனைவி கண்ணால் ஓட்டுகிறாள். கார் இருக்கட்டும், வேலையும் இருக்கட்டும். கொட்டாரத்து ஆளை வேறு வீடு பார்க்கச் சொல். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அங்கே ரோட்டில் வலது பக்கமாகவே போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து உனக்காக விசேஷமாக ஜெபிக்கிறேன். உன் அறைக்காரர்கள் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். முந்திரிக்கொத்தில் அவர்களுக்கும் கொடு.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
ம. தேவகுமார்.

பின்குறிப்பு: பிரபின் வாசலில் டாக்ஸியோடு நின்று அவசரப்படுத்துகிறான். ஒட்டுவதற்கு முன்னால் அக்கா கண்ணாடியைப் போட்டு இதை முழுக்க வாசித்துவிட்டாள். "எலே, வாத்து மடியில சாடிச்சு, சக்கரத்துல வைக்கோல் சுத்திச்சு, பெட்ரோல் இல்லாம நடு ரோட்டுல நிண்ணோம்னு வாசிச்சா அவன் நாளைக்கே கொட்டாரத்துக்காரனுக்குச் சாவியக் குடுத்திருவான். எனக்க மருமவளுக்க வேலையில மண்ணள்ளிப் போடுகதுக்கா இந்தக் காயிதம்?" என்கிறாள். நான் கதையில் கொஞ்சம் ருசி சேர்த்தேனே தவிர இந்தப் பக்கமாக யோசிக்கவில்லை. மறுபடி எழுத நேரம் இல்லை. ஆகையால் ஒரே ஒரு சின்ன விவரத்தை மட்டும் நீயே திருத்தி வாசித்துக்கொள்: காரில் நான் இல்லை.

ஏறத்தான் போனேன் மக்கா. பெல்ட்டைக் கையில் எடுத்தேன், அப்படியே திரும்ப வைத்துவிட்டேன். லாரியில் பெல்ட் கிடையாது, அதனால் பயமும் கிடையாது. "நான் ஸ்கூட்டர்ல முன்னால வழி காட்டிப் போறேன், நீங்க பின்னால வாங்க" என்று சொல்லி இறங்கிவிட்டேன். ஸ்கூட்டரில் பின்னால் பார்க்கிற கண்ணாடி உடைந்து நாளாயிற்று. வாத்து, வைக்கோல், மழை, பெட்ரோல் எல்லாம் சத்தியம். எல்லாம் எனக்கும் ஸ்கூட்டருக்கும் நடந்தது. சர்ச் வாசல் வரை யாருமில்லாத ரோட்டுக்குக் கை காட்டிக்கொண்டே போயிருக்கிறேன். நனைந்த கோழியாகச் சர்ச்சில் போய் நின்றால், அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

"மாமா, சந்து முக்குல ரைட் இண்டிகேட்டர் போட்டு பஸ் போவட்டுன்னு நிண்ணேன். நீங்க கன்னியாகுமரிப் பக்கம் போயிட்டே இருக்கீய. ஹாரன் அடிச்சேன், கை காட்டுனீய. டாட்டா சொல்லுதீயன்னு நெனச்சேன்" என்கிறாள் உன் மனைவி. சிரிக்காமல்தான் சொன்னாள், பிச்சிப்பூவையும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

வழியில் என்ன நடந்தது என்று அக்காவிடம் கேட்டேன். "என்னத்த நடக்க? கண்ண மூடி ஒரு ஜெபம் சொன்னேன். ஆமென்னு கண்ணத் தொறந்தா சர்ச் வாசல்" என்றாள். இதை மட்டும் எழுதினால் கடிதம் அரைப் பக்கம்கூட வராது என்பதை நீயே யோசித்துப் பார்.

திரும்பி வரும்போது நான் அந்த முன் சீட்டில்தான் வந்தேன், இது சத்தியம், பிரபினே பார்த்தான். முதல் வலது திருப்பத்தில் கண்ணை மூடினேன். திறந்தபோது திருப்பம் முடிந்திருந்தது. அடுத்ததில் மூடவில்லை. அந்த ஹாரன், கண் பற்றிய வரி அங்கே பார்த்து எழுதியது, அதில் கை வைக்காதே.

என் ஸ்கூட்டர் இன்னும் சர்ச் காம்பவுண்டிலேயே நிற்கிறது. கொட்டாரத்து ஆளுக்கு வண்டி வேண்டியே தீரும் என்றால் அதைப் போய்ப் பார்க்கச் சொல். இன்றைக்குத்தான் டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றினேன்.